அரசாங்கம் திருப்பிச் செய்யாத மொய்

மனிதநேயம் இன்னும் சாகவில்லையாம். நான் ஐ.சி.யூ.வில் தொண்டையில் குழாயோடு கிடந்த ஐந்தாம் நாள், உள்ளூர்ச் சேனல் ஒன்று எங்கள் ஊர் ஆட்களை மருத்துவமனை வாசலில் வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடித்து அப்படித்தான் செய்தி போட்டது. சாகாமல் இருப்பது மனிதநேயத்துக்கு நல்லதுதான். செத்திருந்தால், பாக்கியைக் கட்டிவிட்டு உடலை எடுத்துப் போங்கள் என்று கவுன்டரில் சொல்லியிருப்பார்கள்.

நான் மொய் எழுதுகிறவன். கீரமங்கலம் பக்கம் ஊர். உள்ளூர் அச்சகத்தில் பிழை திருத்துவது தொழில். ஆடி பிறந்துவிட்டால் மொய் எழுதுவது உபதொழில். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் மொய் விருந்து என்றால் தெரியாதவர் கிடையாது. பணமுடை வந்தவன் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிடுவான். கறிச்சோறு போடுவான். வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி, பந்தல் ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனிடம் பெயரும் ஊரும் தொகையும் சொல்லி எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பணத்தில் அவன் கிணறு வெட்டுவான், பெண்ணைக் கட்டிக்கொடுப்பான், கடனை அடைப்பான். நாளைக்கு அவர்கள் வீட்டு விருந்தில் அவன் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கிய அளவுக்கே திருப்பினால் கணக்கு முடிந்தது. மேலே கொஞ்சம் வைத்தால் உறவு தொடர்கிறது. வங்கி மேலாளர் இல்லை, ஜாமீன் கையெழுத்து இல்லை, ஒரு நோட்டும் வெட்கமும்தான் மூலதனம்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் எழுந்தபோது இரண்டு பாதமும் மதமதவென்று இருந்தன. மத்தியானம் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்திருக்கிறேன். சாயங்காலம் அச்சகத்துப் படியில் முழங்கால் மடங்கியது. மறுநாள் விடியும்போது எழுந்து உட்கார முடியவில்லை. பேனா விரலில் நிற்கவில்லை. பக்கத்து ஊர் டாக்டர் சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை, அவர் முகம்தான் அசைந்தது. "கீழேயிருந்து மேலே ஏறுது. மூச்சுக்கு வர்றதுக்குள்ள திருச்சிக்குக் கொண்டு போங்க" என்றார்.

கில்லன் பாரே என்று பெயர், சுருக்கமாக ஜி.பி.எஸ். 1916-ல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு சிப்பாய்களிடம் கண்டு மூன்று பிரெஞ்சு டாக்டர்கள் எழுதிவைத்த நோய். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, கிருமியை விட்டுவிட்டு நம் நரம்பையே கடிக்கத் தொடங்கிவிடும். காப்பதற்கு வைத்தவனே கடிப்பது எப்படி என்று சிலருக்கு விளங்காமல் போகலாம். ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருச்சியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் வாசலில் பிள்ளையார் இருந்தார். அவரைத் தாண்டியதும் கவுன்டர். கவுன்டரில் இருந்த பெண் என் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி பெயர் இல்லை, வயது இல்லை, என்ன செய்கிறது என்பதும் இல்லை. "அட்வான்ஸ் எவ்வளவு கட்டுறீங்க?" இரண்டு லட்சம் என்று முடிவானது. நெருக்கடி நிலையில் வரும் உயிரை முதலில் காப்பாற்று, சம்பிரதாயங்களைப் பிறகு பார்த்துக்கொள் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டாகியும் அது அந்தக் கவுன்டர் வரைக்கும் வந்து சேரவில்லை. நம் ஊரில் தீர்ப்புகளும் அரசுப் பேருந்து மாதிரிதான், எல்லா நிறுத்தத்திலும் நிற்பதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் உயிரைக் காத்த டாக்டர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சரியான நேரத்தில் நோயைக் கண்டுபிடித்தார்கள், மூச்சு நிற்பதற்குள் வென்டிலேட்டரில் போட்டார்கள், சில நாளில் அதிலிருந்து மீட்டார்கள். சிகிச்சையில் எனக்குக் குறையே இல்லை. நான் பேசுவது கணக்கைப் பற்றி. கணக்கு என் தொழில்.

மருந்தின் பெயர் இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது. உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் ஐந்து நாளில் ஏற்ற வேண்டும். நான் 60 கிலோ. 120 கிராம். ஐந்து கிராம் பாட்டில் இருபத்து நான்கு. எனக்குப் போட்ட விலை பாட்டிலுக்கு 16,000. மருந்துக்கு மட்டும் 3,84,000. ஆளை அடையாளம் தெரியாத எத்தனையோ பேரின் ரத்தத்திலிருந்து வந்த மருந்து, என் பில்லில் ஏறியபோது கடைச் சரக்காகிவிட்டது.

பதினோரு நாள். முப்பத்தொரு பக்கம். மொத்தம் 9,36,418 ரூபாய். பிழை திருத்துகிறவனிடம் முப்பத்தொரு பக்கம் கொடுத்தால் சும்மா இருப்பானா? விரல் இன்னும் முழுதாக மடங்காத நிலையில், மகளைச் சிவப்பு மை பேனாவோடு உட்காரவைத்து வரிவரியாக வாசிக்கச் சொன்னேன். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரே நாளில் நாற்பத்தாறு ஜோடி கையுறை. அன்று எனக்கு அசைவே கிடையாது. என்னைத் தொட இவ்வளவு கை வந்ததா என்று வியந்தேன். இருபத்து இரண்டாம் பக்கத்தில் 'உணவு ஆலோசனை – 600'. மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்த, மயக்க ஊசியில் நான் கிடந்த நாள் அது. ஆலோசனை யாருக்குச் சொன்னார்கள்? குழாய்க்கா? மகள் சிவப்பு வட்டம் போட்ட தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினாள். "இதெல்லாம் சிஸ்டத்துல வர்றதும்மா" என்றார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்: சிஸ்டத்தில்தான் வருகிறது.

இது என் ஒருவனின் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ல் குருகிராமில் டெங்குவில் இறந்துபோன ஏழு வயதுச் சிறுமியின் பெற்றோரிடம் ஏறத்தாழ 16 லட்சம் ரூபாய் பில் நீட்டப்பட்டது. அதில் 2,700 கையுறைகள், 660 ஊசிகள். நாடே கொந்தளித்தது. அதன் பிறகு, 2018 பிப்ரவரியில், மருந்து விலையைக் கண்காணிக்கும் தேசிய ஆணையம் டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களைப் புரட்டிப் பார்த்தது. சில பொருட்களில் லாபம் 1,737 விழுக்காடு வரை போயிருந்தது. எங்கள் பக்கம் கந்துவட்டிக்காரனைப் பார்த்தால் துண்டைத் தோளிலிருந்து இறக்கமாட்டார்கள், எதிர்த் தெருவுக்கு மாறிப் போவார்கள். அவன் பத்து வட்டிக்காரன். 1,737 வட்டிக்காரனுக்கு வாசலில் கண்ணாடிக் கதவு, தானாகவே திறக்கும்.

காப்பீடு இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு கதை உண்டு.

முதல் கதை அரசுக் காப்பீடு. 2009-ல் ஒரு பெயரில் வந்தது, 2012-ல் வேறு பெயரில் வந்தது, 2018-ல் டெல்லித் திட்டத்தோடு சேர்ந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நல்ல திட்டம், ஏராளமான உயிர்களைக் காத்த திட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000. எனக்குச் சம்பளம் 14,000. ஆகவே நான் பணக்காரன். மாதம் பத்தாயிரத்து ஒரு ரூபாய் சம்பாதித்து, மனைவி மக்களோடு வாடகை வீட்டில் குடியிருந்து, தீபாவளிக்குத் துணி எடுக்கக் கடன் வாங்குகிறவர் இந்த மாநிலத்தின் செல்வந்தர் பட்டியலில் இருக்கிறார். அவர் வீட்டுக்கு வருமான வரிச் சோதனை வராதது அதிகாரிகளின் பெருந்தன்மை.

இரண்டாவது கதை தனியார் பாலிசி. பணக்காரன் ஆயிற்றே, மூன்று லட்சத்துக்கு எடுத்திருந்தேன். நோய் வந்தால் காப்பாற்ற நான் கட்டிய பிரீமியத்தின் மேல் அரசாங்கம் 18 விழுக்காடு வரி வாங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க 2025 செப்டம்பர் 22 வரை மனம் வரவில்லை. என் பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 3,000 வரைதான். அந்த மருத்துவமனையில் 6,000-க்குக் கீழே அறை காலி இல்லை. சரி, மிச்ச மூவாயிரத்தை நாம் கட்டினால் போயிற்று என்று நினைத்தோம். அங்கேதான் எங்கள் ஊர் அறிவு தோற்றது. வாடகை இரு மடங்கு என்றால், அந்த அறையில் இருந்த நாட்களுக்கு டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதியைத்தான் தருவார்களாம். விகிதாசாரக் கழிவு என்று அதற்குத் தமிழ். போதாக்குறைக்கு, 2022 ஜூலை 18 முதல், நாளுக்கு 5,000-க்கு மேற்பட்ட மருத்துவமனை அறைக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. எனக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய். கால் அசையாமல் படுத்திருந்ததற்கு நான் அரசாங்கத்துக்குக் கட்டிய கேளிக்கை வரி. எல்லாக் கத்திரியும் வெட்டி முடித்தபின் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்தது 2,61,000.

ஆக, 6,75,418 ரூபாய் பள்ளம். மனைவியின் ஆறு பவுன் அடகுக்குப் போனது. அப்போதும் குழி நிரம்பவில்லை. அப்போதுதான் என் மகள், பத்தாம் வகுப்புப் படிக்கிறவள், தன் நாற்பது பக்கக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் கோடு போட்டாள். பெயர், ஊர், தொகை.

யாரும் கூப்பிடவில்லை. பத்திரிகை அடிக்கவில்லை, அடிக்கிற அச்சகத்தின் ஆள்தான் படுத்துக் கிடந்தானே. கறிச்சோறு இல்லை. ஐ.சி.யூ. வாசலில் நெகிழி நாற்காலியில் மகள் உட்கார்ந்திருக்க, ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒரு பொட்டலமாகப் பதினோராயிரம் வந்தது, பத்து ரூபாய்த் தாளும் இருபது ரூபாய்த் தாளுமாக. பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் அனுப்பினார். இறால் பண்ணைக்கு வேலைக்கு வந்த பீகார்ப் பையன்கள் நான்கு பேர், நான் அவர்களுக்கு ஏதோ ஒரு மனு நிரப்பிக் கொடுத்ததை நினைவு வைத்துக்கொண்டு, ஐந்நூறு வைத்தார்கள். ஊர் என்ற கட்டத்துக்கு வந்தபோது மகள் திகைத்தாள். அவர்களே ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி எழுதவைத்தார்கள். பத்தே நாளில் 287 பெயர். 4,18,750 ரூபாய்.

கபடிக் குழுப் பையன்கள் பன்னிரண்டு பேர் டாடா ஏஸில் வந்து இறங்கினார்கள். ரத்தம் கொடுக்க வந்தார்களாம். என் நோய்க்கு ரத்தம் தேவையில்லை என்றதும் முகம் தொங்கிப்போனது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், யாருக்காச்சும் போகட்டுமே" என்று அங்கிருந்து அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போய்ப் படுத்தார்கள். ஒருவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் 'அம்மா' என்று பச்சை குத்தி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, ஓராண்டு கழிந்தால்தான் ரத்தம் எடுப்பார்களாம். அம்மாவால் கெட்டேன் என்று சிரித்துக்கொண்டே வந்தான். நான் கிடந்த பதினோரு நாளில், அந்த மருத்துவமனையால் பில் போட முடியாத ஒரே பொருள் அந்தப் பையன்களின் ரத்தம்தான்.

வந்தவர்களில் ஒரு கட்சிப் பிரமுகரும் உண்டு. பழங்கூடையோடும் போட்டோகிராபரோடும் வந்தார். ஐ.சி.யூ.வுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி என்றதும், தாம் வெளியே நின்றுகொண்டு போட்டோகிராபரை உள்ளே அனுப்பலாமா என்று யோசித்திருக்கிறார். மொய் நோட்டில் ஐந்நூறு வைத்தார். மறுநாள் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பதினாறடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ். தலைவர்கள் படம் மேலே, அவர் படம் நடுவே, என் படம் கீழே வட்டத்துக்குள். 'விரைவில் நலம் பெற வாழ்த்தும்' என்ற எழுத்தைவிட அவர் பெயர் பெரிது. எழுதப் படிக்கத் தெரியாத என் சித்தி, வட்டத்துக்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நடுத்தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். ஒருவர் மாலையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஃப்ளெக்ஸ் செலவு 3,000 என்று அடித்துக் கொடுத்த எங்கள் அச்சக முதலாளி சொன்னார். அதுவும் இன்னும் வரவில்லையாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. காப்பீட்டுக் கம்பெனி மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தந்தாக வேண்டும் என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டிருக்கிறது. எனக்குக் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரவு பத்தே முக்காலுக்கு வந்தது. அந்த ஆணையத்தின் கடிகாரம் வேறு போலிருக்கிறது. ஆனால் நேரம் வீணாகவில்லை. நடுவில் ஒரு விழா. மருத்துவமனை நிர்வாகம் கேக் வெட்டியது. எங்கள் ஊர்ப் பெரியவருக்குச் சால்வை போர்த்தி, இப்படி ஓர் ஊர் உண்டா என்று மைக்கில் நெகிழ்ந்தார்கள். ஊராரின் கண்ணில் நீர். எனக்கும் நீர்தான், நான் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சால்வைக்கு மட்டும் தனியாகப் பில் இல்லை. 'இதர செலவுகள்' என்ற வரியில் இருந்திருக்கலாம்.

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. இடுப்புக்குக் கீழே இன்னும் மரக்கட்டை. அரசு மருத்துவமனை வார்டில் நாற்பது நாள். அங்கே யாரும் அட்வான்ஸ் கேட்கவில்லை. மருந்து இலவசம். காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்த தம்பிக்குப் பொறுமை கடல் அளவு. குறை ஒன்றுதான்: ஆள் இல்லை. இரவில் நாற்பது கட்டிலுக்கு ஒரு செவிலியர். அந்தப் பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அசைய முடியாதவனை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடாவிட்டால் முதுகில் படுக்கைப்புண் வரும். ஒற்றை ஆள் நாற்பது பேரை எப்படிப் புரட்டுவாள்? ஊர் முறை வைத்துக்கொண்டது. மொய் நோட்டின் பின்பக்கத்தில் மகள் இன்னொரு அட்டவணை போட்டாள். இரவு பத்து மணி – எலக்ட்ரீஷியன் அண்ணன். பன்னிரண்டு – அச்சக முதலாளி. இரண்டு – கபடிப் பையன், பச்சை குத்தியவன். நான்கு – மச்சான். என் முதுகில் ஒரு கீறல் விழவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு ஊர் இல்லை, மகன் திருப்பூரில். எங்கள் பையன்கள் அவரையும் சேர்த்துப் புரட்டினார்கள். ஊர் இல்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தச் செவிலியர்களைப் பற்றி ஒரு கணக்கு. 2015-ல் தேர்வு வைத்துத் தமிழக அரசு எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700. 2017 நவம்பரில் பொறுக்க முடியாமல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். 7,700-ஐப் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 92,400. அன்றைக்கு அரசுக் காப்பீட்டுக்கான வருமான வரம்பு 72,000. அதாவது, வயிற்றுக்குப் போதாத சம்பளத்தைக் கொடுத்த அதே அரசாங்கம், இலவச சிகிச்சைக்கு நீ தகுதியில்லாத வசதிக்காரி என்றும் சொன்னது. ஒரே வாயில் இரண்டையும் சொல்ல நமக்கு வராது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பணம் இல்லை, என்ன செய்வது என்பார்கள். அந்தச் சாக்கும் செல்லாது. 1992-ல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற கூலித் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று தள்ளிவிட்டன. கடைசியில் தனியாரில் காசு கொடுத்துப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நெருக்கடி சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை, கொடுக்காதது வாழும் உரிமையைப் பறிப்பது, நிதி இல்லை என்பது பதில் ஆகாது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. 2017-ல் தேசிய சுகாதாரக் கொள்கை என்று ஒன்று எழுதினார்கள்: 2025-க்குள் அரசுகளின் மருத்துவச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடு ஆக்குவோம் என்று. அரசாங்கமே வெளியிட்ட 2021-22 கணக்கில் அது 1.84. அதே கணக்கில், நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஜனங்கள் தங்கள் பையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது 39.4 விழுக்காடு. நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பது. அந்த நாற்பதுக்குள் எத்தனை மொய் நோட்டு, எத்தனை தாலிச் சங்கிலி என்று எந்தக் கணக்கிலும் தனிக் கட்டம் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் செய்தது தர்மம் இல்லை. அதை மனிதநேயம் என்று மைக்கில் சொல்லிச் சால்வை போர்த்துகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு அப்பத்தா. விடிகாலையில் மல்லிகைக் கொல்லைக்கு மொட்டு எடுக்கப் போகிறவர். வேலை முடித்த கையோடு பஸ் பிடித்து வார்டுக்கு வந்தார். சுருக்குப் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்தார். தாளில் பூ வாசம். நோட்டை எடுக்கப் போன மகள் ஒரு கணம் தயங்கி, "இருக்கட்டும் அப்பத்தா, நீங்க வந்ததே போதும்" என்றாள்.

"ஏன் ஆத்தா, எரநூறுன்னா எளக்காரமா? எழுது. எழுதி வாங்குனா மொய்யி. எழுதாம வாங்குனா பிச்சை. உங்கப்பனுக்கு நான் பிச்சை போட வரல."

மகள் எழுதினாள். அவர் போகவில்லை.

"கஜா புயல்ல எங்க வீட்டு ஓடு பறந்தப்ப உங்கப்பன் முந்நூறு வச்சான். இன்னும் நூறு பாக்கின்னு பக்கத்துல எழுது. கார்த்திகைக்குள்ள தந்துருவேன்."

கஜா அடித்தது 2018 நவம்பர் 16-ல். நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை.

நாமும் மொய் செய்கிறோம், அய்யா. சோப்பு வாங்கினால் செய்கிறோம், பெட்ரோல் போட்டால் செய்கிறோம், நோயில் படுத்த அறைக்கும் செய்கிறோம். அந்த அப்பத்தாவும் தீப்பெட்டியிலிருந்து செருப்பு வரை செய்துகொண்டுதான் இருக்கிறார். நம் மொய்யை ஒரு நாளும் வாங்க மறக்காத ஒரே வீடு அரசாங்கத்தின் வீடு. நம் வீட்டில் விளக்கு அணையப் போகும்போது, அது திருப்பிச் செய்ய வேண்டிய முறை வரும்போது, பக்கத்து வீட்டுக்காரன் நமக்குச் செய்ததைக் காட்டிக் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறது. பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, கை கழுவும் இடத்தில் பந்தல்காரனைப் பாராட்டிவிட்டு நழுவுகிறவனை எங்கள் பக்கம் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. நான் பிழை திருத்துகிறவன். அந்த வார்த்தையில் பிழை இல்லை, அதுதான் சிக்கல்.

இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன். பேனா விரலில் நிற்கிறது. முதல் வேலையாக அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கடைசித் தாளில் நானே கோடு போட்டு எழுதினேன். பெயர்: அரசாங்கம். ஊர்: சென்னை, டெல்லி. நாங்கள் செய்தது: பிறந்த நாள் முதல். திரும்பி வந்தது: நாற்பது நாள் கட்டில், மருந்து, உட்கார நேரமில்லாத ஒரு செவிலியர். பாக்கி என்ற கட்டத்தில் எண் எழுதவில்லை. இடம் போதவில்லை.

அடுத்த முறை உங்கள் ஊரில் யாரோ ஒருவருக்காக நீங்கள் உண்டியல் குலுக்கிக்கொண்டிருக்கும்போது, மனிதநேயம் சாகவில்லை என்று ஒருவர் மைக்கைப் பிடிப்பார். அவரைக் கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்து, ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: மல்லிகை மொட்டுப் பறிக்கிற கிழவி நூறு ரூபாய் பாக்கியைத் தானே சொல்லி எழுதவைத்தாள், உங்கள் பாக்கி எவ்வளவு?